எலிக்குப் பலித்த மருந்து

2010 மார்ச் 29 அன்று, லண்டனைச் சேர்ந்த ஆன்டிசோமா என்ற சிறிய மருந்து நிறுவனம் முதலீட்டாளர்களுக்கு ஒரு கெட்ட செய்தியைச் சொன்னது. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடத்திவந்த மூன்றாம் கட்டப் பரிசோதனை பாதியில் நிறுத்தப்படுகிறது. இடைக்காலக் கணக்கைப் பார்த்த கண்காணிப்புக் குழு, தொடர்ந்து நடத்தினாலும் பயன் தெரியப்போவதில்லை என்று முடிவு சொல்லிவிட்டது. ஆன்டிசோமாவின் பங்கு விலை அன்றே சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அதே மருந்தை வைத்து நடந்த இரண்டாவது பெரிய பரிசோதனையும் நின்றது. அந்த நிறுவனம் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

பங்குச் சந்தையின் இழப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் பரிசோதனையில் மட்டும் 1,299 நோயாளிகள் சேர்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான கீமோதெரபி. பாதிப் பேருக்கு அதனுடன் புதிய மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் கரைசல். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவில், மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 13.4 மாதம், பெறாதவர்களுக்கு 12.7 மாதம். புள்ளியியல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

தோற்ற மருந்துகள் உலகில் ஆயிரம் உண்டு. மனிதச் சோதனைக்குள் நுழையும் புற்றுநோய் மருந்துகளில் ஏறக்குறைய இருபதில் ஒன்றுதான் மருந்துக் கடைக்கு வந்து சேர்கிறது. இந்த மருந்தைத் தனியாக எடுத்துப் பேசுவதற்கு வேறு காரணம் உண்டு. எலியின் உடலில் இது சில மணி நேரத்துக்குள் கட்டியின் இரத்த ஓட்டத்தை நிறுத்தி, கட்டியை உள்ளிருந்தே சாகடித்தது. அந்த ஆற்றலில் பொய்யில்லை. ஆனால் அது எலிக்கு மட்டுமே உரிய ஆற்றல் என்பது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் நரம்பில் மருந்து ஏறிய பிறகுதான் தெரிந்தது. அந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். இனியாவது அப்படி இருக்க வேண்டும்.

புற்றுக்கட்டியின் இரத்த நாளங்களைக் குறிவைக்கும் யோசனைக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஜூடா ஃபோக்மன், 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். கட்டி தனக்கென்று புதிய இரத்த நாளங்களை வளர்த்துக்கொள்ளாமல் ஒரு சில மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது. ஆகவே நாளம் முளைப்பதைத் தடுத்தால் கட்டி வளராமல் நின்றுவிடும் என்றார். சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் அவரை நம்பவில்லை. 2004இல் பெவாசிசுமாப் என்ற ஊசிமருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அந்த வழி மெய்ப்பட்டது.

1980களின் தொடக்கத்தில், லண்டனை அடுத்த மவுன்ட் வெர்னன் மருத்துவமனை வளாகத்தில் இருந்த கிரே ஆய்வுக்கூடத்தில் ஜூலியானா டெனிகாம்ப் வேறொரு கேள்வியை எழுப்பினார். நாளம் புதிதாக முளைப்பதைத் தடுப்பது சரி. ஏற்கெனவே கட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நாளங்களையே தகர்த்தால் என்ன? மடையை அடைத்தால் அதை நம்பியிருக்கும் வயல் முழுதும் காய்ந்துபோகும் என்ற கணக்குதான். ஒரு நுண்நாளம் செயலிழந்தால் அதைச் சுற்றி ஆக்சிஜனுக்குக் காத்திருக்கும் ஆயிரக்கணக்கான புற்றுச் செல்கள் கூடவே சாகும். ஒவ்வொரு செல்லையும் துரத்திக் கொல்ல வேண்டியதில்லை.

கட்டியின் நாளங்கள் அவசரத்தில் முளைத்தவை என்பதால் இந்த யோசனைக்கு உயிர் இருந்தது. அவற்றின் சுவர் மெல்லியது, கசியக்கூடியது. தாங்கிப் பிடிக்கும் தசைச் செல்கள் குறைவு. வளைந்து நெளிந்து, சில இடங்களில் முட்டுச்சந்தாகவே முடியும். உடலின் மற்ற நாளங்கள் தாங்கிக்கொள்ளும் அடியை இவை தாங்காது.

இந்தக் கதையின் மிகப் பழைய பக்கத்தில் தமிழருக்கு நன்கு தெரிந்த ஒரு செடி நிற்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கொல்கிசின் இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிட்டு விதையை விற்பது இந்த வேதிப்பொருளுக்காகத்தான்; கீல்வாதத்தின் ஒரு வகைக்கு இது இன்றும் மருந்து. 1930களிலேயே பிரிட்டன் ஆய்வாளர்கள் கொல்கிசினை எலிகளுக்குச் செலுத்தியபோது, கட்டிக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டுத் திசு அழிவதைப் பதிவு செய்தார்கள். செல்லின் உள்சட்டகத்தைக் கட்டும் டியூபுலின் என்ற புரதத்தில் கொல்கிசின் போய் ஒட்டிக்கொள்கிறது. சட்டகம் குலைந்து செல் தன் உருவத்தை இழக்கிறது. ஆனால் கட்டியின் நாளத்தைக் குலைக்கத் தேவையான அளவும் உயிரைப் பறிக்கும் அளவும் மிக அருகருகே இருந்தன. கிழங்கைத் தின்று இறந்தவர்களைப் பற்றி ஊரில் கேட்டிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே டியூபுலினில், அதே இடத்தில் ஒட்டக்கூடிய, ஆனால் விரைவில் விட்டு விலகிவிடும் ஒரு பொருள் தென்னாப்பிரிக்காவின் ஒரு மரத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பெட்டிட்டின் குழு 1980களில் அதைப் பிரித்தெடுத்து காம்ப்ரிடாஸ்டாட்டின் என்று பெயரிட்டது. நாளத்தின் உட்சுவரில் படுத்திருக்கும் தட்டையான செல்கள் இது பட்டதும் உருண்டு திரள்கின்றன. ஏற்கெனவே ஒடுக்கமான நாளம் அடைபடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் கட்டியின் இரத்த ஓட்டம் விழுகிறது. நம் கடுக்காயும் தான்றிக்காயும் மருதமும் அந்த மரத்தின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அதனால் கடுக்காய்ப் பொடி புற்றுநோயைத் தீர்க்கும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் எழுதினால் நம்ப வேண்டாம். ஒரே குடும்பத்து மரங்களில் ஒரே வேதிப்பொருள் இருந்தாக வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. காம்ப்ரிடாஸ்டாட்டினும் பெரிய வெற்றி பெறவில்லை. தைராய்டு புற்றுநோயின் மிகக் கொடிய வகை ஒன்றில் 80 பேரிடம் நடந்த சோதனையில், ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் மருந்துடன் 26 சதவீதம், இல்லாமல் 9 சதவீதம். நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் உறுதியாக எதையும் சொல்ல 80 பேர் போதாது. அந்த நோய் அவ்வளவு அரிது.

மார்ச் 29 செய்தியின் மருந்து இந்தத் தாவர வழியில் வந்தது அல்ல. அதன் ஊர் நியூசிலாந்தின் ஆக்லாந்து.

அங்குள்ள புற்றுநோய்ச் சங்க ஆய்வு மையம் சிறியது. ஆனால் சாதித்த இடம். இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட அம்சாக்ரின் என்ற மருந்து புரூஸ் கெய்ன் தலைமையில் அங்கேதான் பிறந்தது. 1980களில் அந்தக் குழுவின் கவனம் ஃபிளேவோன் அசிட்டிக் அமிலம் என்ற பிரெஞ்சு நிறுவனப் பொருளின்மேல் விழுந்தது. வழக்கமான கீமோதெரபிக்கு அசையாத திடமான கட்டிகளை அது எலிகளில் அழித்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் உற்சாகமாக அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தன. ஒன்றும் நடக்கவில்லை. கட்டிகள் அப்படியே இருந்தன.

மற்றவர்கள் கைவிட்ட இடத்தில் ஆக்லாந்து குழு ஏன் என்று கேட்டது. புரூஸ் பேக்குலி, லை-மிங் சிங் ஆகியோரின் ஆய்வுகளில் விடை மெல்லத் தெளிந்தது. அந்தப் பொருள் புற்றுச் செல்லை நேரடியாகக் கொல்லவில்லை. எலியின் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டி, டிஎன்எஃப் என்ற புரதத்தைக் கட்டிக்குள் சுரக்க வைத்தது. கட்டியின் நாளங்களைத் தகர்ப்பதில் அந்தப் புரதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. மனிதச் செல்களில் அதே பொருளைப் போட்டபோது அந்தத் தூண்டல் நிகழவில்லை. வேதியியலாளர்கள் வில்லியம் டென்னியும் கார்டன் ருவ்காஸிலும் அதன் கட்டமைப்பை மாற்றி மாற்றி டஜன் கணக்கில் புதிய மூலக்கூறுகளைச் செய்தார்கள். 1991இல் வெளியான வரிசையில் ஒன்று, மூலப்பொருளைவிடப் பத்து மடங்குக்கு மேல் வீரியமாக எலிகளில் வேலை செய்தது. டி.எம்.எக்ஸ்.ஏ.ஏ. என்று குறிக்கப்பட்ட அதற்குப் பின்னாளில் வாடிமெசான் என்று பெயர் வந்தது.

முந்தைய மருந்து மனிதரிடம் தோற்றதை நன்கு அறிந்த குழு இது. அதனால் புதியதை மனிதச் செல்லிலும் சோதித்தார்கள். 1994இல் வெளியிட்ட கட்டுரையில், ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஒரு மனித இரத்தப் புற்றுச் செல் வகையில் வாடிமெசான் டிஎன்எஃப் மரபுச் செய்தியைத் தூண்டியதாகக் காட்டினார்கள். பழையது தூண்டாத இடத்தில் புதியது தூண்டியது. கதவு திறந்துவிட்டது என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. கேட்க வேண்டிய கேள்வியை அவர்கள் கேட்டார்கள். மொத்த மனித உடலுக்கும் ஒரு செல் வகையின் பதிலே போதும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டதுதான் பிசகு. அந்த மருந்து செல்லுக்குள் எதைப் பற்றிக்கொண்டு அந்தத் தூண்டலைச் செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பற்றும் இடம் தெரியாத மருந்து அடுத்த பதினைந்து ஆண்டுக்கும் மேல் பயணம் செய்தது.

1990களின் பிற்பகுதியில் நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் முதல் கட்டச் சோதனைகள் தொடங்கின. உடல் பரப்பளவுக் கணக்கில் எலிகள் தாங்கிய அளவைவிடப் பல மடங்கு கூடுதலான அளவை மனிதர்கள் தாங்கினார்கள். பார்வை சிறிது நேரம் மாறுவது, பேச்சு குழறுவது போன்ற விளைவுகள் மிக உயர்ந்த அளவில்தான் வந்தன. இதை நல்ல செய்தியாகவே பார்த்தார்கள். இன்று திரும்பிப் பார்க்கும்போது அது ஒரு தடயம். எலிக்கு விஷமாகும் அளவு மனிதருக்கு உறைக்கவே இல்லை என்றால், எலியின் உடலில் அது தொடும் ஒன்று மனித உடலில் அதற்குக் கிடைக்கவில்லையோ என்ற கேள்வி அங்கேயே எழுந்திருக்க வேண்டும். காந்த அதிர்வுப் படங்களில் சில நோயாளிகளின் கட்டிக்கு இரத்த ஓட்டம் குறைந்தது தெரிந்ததால், நம்பிக்கை ஓங்கிக் கேள்வி அடங்கிப்போனது.

இரண்டாம் கட்டத்தில் எண்கள் மயக்கின. எழுபதுக்குச் சற்று மேற்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்தபோது, வாடிமெசான் சேர்ந்தவர்களின் இடைநிலை ஆயுள் 14 மாதம், சேராதவர்களுக்கு 8.8 மாதம். ஐந்து மாதத்துக்கும் மேல் கூடுதல். நுரையீரல் புற்றுநோயில் ஐந்து மாதம் என்பது எந்தக் குடும்பத்துக்கும் சிறிய காலம் அல்ல. 2007இல் நோவார்ட்டிஸ், எல்லாம் சரியாக அமைந்தால் மொத்தம் 89 கோடி டாலர் வரை தருவதாக, மருந்தின் உரிமையை வைத்திருந்த ஆன்டிசோமாவுடன் ஒப்பந்தம் போட்டது. 2008இல் 1,299 பேரின் பரிசோதனை தொடங்கியது.

பக்கத்துக்கு முப்பத்தைந்து பேர் என்ற அளவில் நான்கைந்து நோயாளிகள் எதேச்சையாக நெடுநாள் வாழ்ந்தாலே கணக்கு சாய்ந்துவிடும். பெரிய கூட்டத்தில் அந்தச் சாய்வு கரைந்துபோனது.

தோல்விக்கு முதலில் சொல்லப்பட்ட காரணங்கள் வேறு. நாளத்தைத் தகர்க்கும் மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: கட்டியின் நடுப்பகுதி செத்தாலும், அருகிலுள்ள நல்ல திசுவின் நாளங்களிலிருந்து இரத்தம் பெறும் வெளிவிளிம்பு பிழைத்துக்கொள்கிறது. அந்த விளிம்பிலிருந்து கட்டி மீண்டும் வளர்கிறது. எலிகளிலும் இது நடந்தது. கீமோதெரபியைச் சேர்த்துக் கொடுத்ததே அந்த விளிம்பை ஒழிக்கத்தான். 2006இல் வெளியான ஓர் ஆய்வு, நாளம் தகர்ந்த சில மணி நேரத்தில் எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிய நாளம் கட்டும் செல்கள் கட்டியை நோக்கிப் பாய்வதை எலிகளில் காட்டியது. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் வாடிமெசான் மனிதரிடம் தோற்றதற்கு இவற்றைவிட எளிய காரணம் ஒன்று இருந்தது.

2008இல் கிளென் பார்பரின் ஆய்வுக்கூடம் ஸ்டிங் என்ற புரதத்தை அடையாளம் கண்டிருந்தது. செல்லுக்குள் இருக்கக் கூடாத இடத்தில் மரபணுத் துண்டு தென்பட்டால், கிருமி நுழைந்துவிட்டது என்று உடலின் எதிர்ப்பு மண்டலத்தை எழுப்பும் புரதம் அது. இன்னொரு பக்கம், மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி வோகலின் குழு, வாடிமெசான் எலிச் செல்லுக்குள் எந்தப் பாதையைத் தூண்டுகிறது என்பதை 2007 முதல் தேடிக்கொண்டிருந்தது. 2012இல் அந்தத் தேடல் ஸ்டிங்கில் வந்து முடிந்தது. மருந்து பற்றிக்கொள்ளும் இடம் கடைசியில் தெரிந்துவிட்டது.

அடுத்த ஆண்டே விடை வந்தது, ஒரே சமயத்தில் பல ஆய்வுக்கூடங்களிலிருந்து. ஹார்வர்டில் லிங்யின் லியும் திமோத்தி மிட்சிசனும், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த இன்னொரு குழுவும் ஒன்றையே காட்டினார்கள்: வாடிமெசான் எலியின் ஸ்டிங்கில் ஒட்டிக்கொண்டு அதை இயக்குகிறது, மனித ஸ்டிங்கை அது அசைப்பதே இல்லை. பழைய ஃபிளேவோன் அசிட்டிக் அமிலத்துக்கும் இதே கதைதான். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் தின்ஷா படேலின் குழு அணு அளவில் அந்த வித்தியாசத்தை அளந்தது. எலியின் ஸ்டிங் 378 அமினோ அமிலங்களால் ஆனது, மனிதருடையது 379. மூன்றில் இரண்டு பங்கு அப்படியே ஒத்துப்போகும். மனிதப் புரதத்தின் 230ஆம் இடத்தில் கிளைசின், எலியில் அதற்கு ஈடான இடத்தில் ஐசோலூசின். மனிதப் புரதத்தில் அந்த ஓர் அமினோ அமிலத்தை மட்டும் எலியுடையதுபோல் மாற்றினால், வாடிமெசான் அதை இயக்கத் தொடங்குகிறது.

379இல் ஒன்று.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்றுக்கு இடம் உண்டு. பெரிய பரிசோதனை தொடங்கிய 2008இன் தொடக்கத்தில் ஸ்டிங் என்ற பெயரே யாருக்கும் தெரியாது. தெரியாத புரதத்தில் ஏன் சோதிக்கவில்லை என்று கேட்பது, பின்னால் வந்த அறிவை வைத்து முன்னால் நின்றவர்களைக் குற்றம் சொல்வதாகும். அது சரியே. ஆக்லாந்தின் விஞ்ஞானிகள் நேர்மையாக உழைத்தார்கள். அவர்கள் தொட்ட பொருள் இல்லாமல் எலியில் ஸ்டிங்கின் வலிமை இவ்வளவு விரைவில் தெரிந்திருக்காது. நோவார்ட்டிஸ் பரிசோதனையின் தோல்வியும் மறைக்கப்படவில்லை. 2011இல் முழு எண்களோடு மருத்துவ இதழில் வெளியானது. தோல்வியை மூடிவைக்கும் வழக்கம் இன்னும் போகாத துறையில் அது மதிக்க வேண்டிய செயல்.

ஆனால் ஸ்டிங் என்ற பெயர் தெரியாவிட்டாலும், பெயர் தெரியாத ஏதோ ஒன்றை நம்பி இந்த மருந்து நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதே குடும்பத்து முந்தைய மருந்து எலியில் வென்று மனிதரிடம் தோற்றிருந்தது. மனிதர்கள் தாங்கிய அளவு எலிக் கணக்கோடு பொருந்தவில்லை. இத்தனை தடயங்கள் கையில் இருக்கும்போது, 70 பேரிலிருந்து 1,299 பேருக்குத் தாவுவதற்குமுன், பல நன்கொடையாளர்களின் இரத்தத்திலிருந்தும் அறுவையில் எடுத்த கட்டித் திசுவிலிருந்தும் பெற்ற மனிதச் செல்களில் அந்தத் தூண்டல் மீண்டும் மீண்டும் நிகழ்கிறதா என்று பார்த்திருக்கலாம். அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. 1990களின் ஆய்வகக் கருவிகளே போதும். ஆகும் செலவு, ஒப்பந்தத் தொகையின் ஓரத்தில் கூட வராது. பற்றும் இடத்தைத் தேடிய வேலையைப் பல்கலைக்கழகங்கள் ஆய்வு மானியத்தில், வருடக்கணக்கில், செய்துகொண்டிருந்தன. பணம் ஒரு பக்கமும் கேள்வி இன்னொரு பக்கமும் இருந்தன. இரண்டும் சந்தித்துக்கொள்ளாததற்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள்.

அந்த விலையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முற்றிய நுரையீரல் புற்றுநோயோடு இருப்பவருக்கு மிச்சமிருப்பது மாதங்கள். ஒவ்வொரு மூன்று வாரத்துக்கும் மருத்துவமனைக்கு வந்து, கூடுதலாக ஒரு சொட்டுமருந்துக்காக உட்கார்ந்து, கூடுதலாக இரத்தம் கொடுத்து, கூடுதலாகப் படம் எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். தனக்குப் பயன்படாவிட்டாலும் இன்னொருவருக்குப் பயன்படட்டும் என்று கையெழுத்திட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அப்படிக் கொடுக்கப்பட்ட நேரத்துக்கு ஈடாக, நம்மால் கேட்க முடிந்த எல்லாக் கேள்வியையும் முன்பே கேட்டுவிட்டோம் என்று சொல்லும் நிலையில் மருத்துவம் இருக்க வேண்டும்.

எலியைப் பழிப்பதும் பயன் தராது. எலி இல்லாமல் இன்றைய புற்றுநோய் மருத்துவத்தின் பெரும்பகுதி இல்லை. ஆனால் எலி தரும் பதில் எலியைப் பற்றிய பதில். அதிலும் நோய் எதிர்ப்பு மண்டலத்தை நம்பி வேலை செய்யும் மருந்துகளில் எலிக்கும் மனிதருக்கும் உள்ள தூரம் மற்ற மருந்துகளைவிட அதிகம். இரண்டு உயிர்களும் வெவ்வேறு கிருமிகளோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் போராடித் தம் எதிர்ப்புப் புரதங்களைத் தனித்தனியே மாற்றிக்கொண்டவை.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்கா, புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற பழைய விதியைத் தளர்த்தி, மனிதச் செல்களால் ஆன மாதிரிகளையும் ஏற்றுக்கொண்டது. 2023இல் இந்தியாவும் தன் மருந்துப் பரிசோதனை விதிகளில் அதே திசையில் திருத்தம் செய்தது. இரண்டும் அனுமதிதான், கட்டளை அல்ல. மனிதச் செல்லில் சோதிக்கலாம் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் மருந்து என்றால், மனிதப் புரதத்தில் அது வேலை செய்வதைக் காட்டாமல் மூன்றாம் கட்டத்துக்குப் போகக் கூடாது என்ற அளவுக்கு விதி வளர வேண்டும்.

அப்படிச் செய்தால் வெற்றி உறுதி என்று யாரும் சொல்லவில்லை. வாடிமெசானின் பாடத்தைப் படித்தவர்கள், மனித ஸ்டிங்கை இயக்கும் மூலக்கூறுகளையே திட்டமிட்டுச் செய்தார்கள். மனிதரிடம் காணப்படும் ஸ்டிங்கின் பல வகைகளையும் தூண்டும்படி 2015இல் அடூரோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் மருந்து வந்தது. அதிலும் நோவார்ட்டிஸ் கூட்டாளி. மனிதச் சோதனையில் அது போதிய பலன் தராததால் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. ஆனால் இந்தத் தோல்வி வேறு மாதிரியானது. மருந்து சரியான இடத்தைத் தொட்டும் பலன் போதவில்லை என்பதிலிருந்து அடுத்தவர் கற்க முடியும். மருந்து எதையும் தொடவே இல்லை என்பதிலிருந்து கற்பதற்கு அவ்வளவாக ஒன்றுமில்லை.

செய்தித்தாள்களுக்கும் இதில் கடமை உண்டு. 1998 மே மாதம், ஃபோக்மனின் ஆய்வகத்தில் இரண்டு பொருள்கள் எலிகளின் கட்டியை அழித்ததை நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. அந்த மருந்துகளுக்கு உரிமை வைத்திருந்த என்ட்ரிமெட் நிறுவனத்தின் பங்கு, 12 டாலர் அளவிலிருந்து மறுநாள் வர்த்தகத்தில் 85 டாலர் வரை ஏறியது. நம்பிக்கையிழந்த குடும்பங்கள் மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தன. எலிக்குப் புற்றுநோய் வந்தால் எங்களால் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்ற பொருளில் ஃபோக்மனே எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை தலைப்பாகவில்லை. அந்த மருந்துகள் மேலைநாட்டு நோயாளிகளுக்கு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் மாதத்துக்கு ஒருமுறையாவது புற்றுநோய்க்குப் புதிய மருந்து கண்டுபிடிப்பு என்று தலைப்பு வருகிறது. எலியில் நடந்தது என்பது கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. அந்தச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடும் மகனையோ மகளையோ புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் யாரும் பார்த்திருப்பார்கள். எலியில் என்ற ஒரு சொல் தலைப்பிலேயே இடம்பெறுவதற்கு எந்த ஆசிரியரும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் மனிதரிடம் நடக்கும் ஒவ்வொரு மருந்துப் பரிசோதனையும் 2009 ஜூன் 15 முதல் அரசின் பரிசோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். யாரும் இணையத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம்: எந்த மருந்து, எந்தக் கட்டம், எந்த மருத்துவமனை, எத்தனை பேர். முடிவுகளையும் உரிய காலத்தில் வெளியிட வைப்போம் என்று 2017இல் உலக சுகாதார நிறுவனம் முன்னெடுத்த கூட்டறிக்கையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்தது. அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் நிறைவேறுகிறது என்று நாடாளுமன்றத்திலும் நாளிதழ்களிலும் ஆண்டுதோறும் கேட்கப்பட வேண்டும்.

இன்னொன்றை நாளையே செய்யலாம். புதுச் சட்டம் தேவையில்லை. பரிசோதனையில் சேரும் நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. அந்தப் படிவத்தில், இந்த மருந்து மனிதச் செல்லில் எதைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது என்பது காட்டப்பட்டிருக்கிறதா, அல்லது விலங்கில் மட்டுமே காட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு வரி, தெளிவான தமிழில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் அந்த வரி இல்லாத படிவத்தைத் திருப்பி அனுப்பலாம்.